தீப்பெட்டி ஃபாக்டரி கேட்டில் ஒரு கல்யாண விசாரணை

1. கேட்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஃபாக்டரியில் பாதிக் கல்யாணங்கள் கேட்டில்தான் முடிவாயின. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் பெண்கள் கும்பலாக வெளியே வருவோம். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு அத்தையோ பெரியம்மாவோ ஒருத்தி வந்து வாட்ச்மேன் கூண்டுப் பக்கம் நிற்பாள். "செக்கர் பாக்கியம் யாரு?" என்று கேட்பாள். வாட்ச்மேன் என்னைக் காட்டுவார். அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், "அந்த ரெண்டாவது மேசைப் பொண்ணு எப்படி மே?" என்பாள். நான் சொல்லும் நாலு வார்த்தையை வாங்கிக்கொண்டு போவாள். அடுத்த வாரம் பூ வைப்பார்கள், அல்லது வைக்க மாட்டார்கள்.

அக்கம்பக்கத்தில் கேட்டால் வேண்டியவர்கள் மறைப்பார்கள், ஆகாதவர்கள் இல்லாததை அள்ளிப் போடுவார்கள். செக்கர் அப்படி இல்லையாம். தினமும் எட்டு மணி நேரம் அந்தப் பெண்ணின் கையைப் பார்க்கிறவள், அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்பது ஊர் கணக்கு. அந்தக் கணக்கை நானும் நம்பினேன். அதுதான் வினை.

யுத்தம் முடிந்த வருடம் பெட்டி அடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் செக்கர் ஆக்கினார்கள். அடைத்து வைத்த பெட்டிகளில் கைக்கு வந்ததை எடுத்துத் திறந்து பார்ப்பது என் வேலை. உள்ளே ஐம்பது குச்சி இருக்க வேண்டும். மருந்துத் தலை எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒடிந்ததும் தலையில்லாததும் கூடாது. கை பழகியவர்கள் எண்ண மாட்டார்கள். ஒரு பிடி அள்ளினால் ஐம்பதுதான் வரும்.

அடைக்கும் கையைப் பார்த்து ஆளைச் சொல்ல எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஒடிந்த குச்சியை யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் திணிக்கிறவள் பொய் சொல்வாள். அதைத் தூக்கி எறிகிறவள் கோபக்காரி. தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு என்னிடம் காட்டுகிறவளை நம்பலாம். இப்படி ஒரு பெரிய பட்டியலே மனசுக்குள் வைத்திருந்தேன். பத்தில் ஏழு சரியாக இருக்கும். மீதி மூன்றைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

2. மேசை ஜோடி

ஒரு மேசைக்கு இரண்டு பெண்கள், எதிரும் புதிருமாக. இருவருக்கும் சேர்த்து ஒரே ட்ரே. ஒருத்தி வேகம், ஒருத்தி நிதானம் என்றால் மத்தியானத்துக்குள் சண்டை வந்துவிடும். "நான் அடைக்கிறேன், இவ வேடிக்கை பாக்கறா" என்று ஆரம்பிக்கும். நான் செக்கர் ஆனதும் வேகத்தை வேகத்தோடும் நிதானத்தை நிதானத்தோடும் உட்கார வைத்தேன். சண்டை நின்றது. சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டினார். அன்றிலிருந்து எனக்கு உலகமே இரண்டிரண்டு பேர் உட்காரும் மேசையாகத் தெரிந்தது.

மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்ததும் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கல்யாணமாகாத பெண்களில் ஒருத்தியைப் பிடித்து, "உனக்கு எந்த மாதிரி ஆளு வேணும்?" என்று கேட்பேன்.

சரோஜா என்று ஒருத்தி. வாட்ச்மேனோடுகூடச் சண்டை போடுவாள். அவள் சொன்னாள்: "என் எதிர்ல நின்னு பதில் பேசணும்கா. சும்மா தலையாட்டுறவன்கூட எவ வாய்வா?"

இன்னொருத்தி நெருப்பணைக்க வைத்திருக்கும் மணல் வாளி நிரம்பியிருக்கிறதா என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு வேண்டியது: "எங்க போறான்னு சொல்லிட்டுப் போவணும். அத்த விட்டா எனக்கு வேற எதுவும் வாணாம்." மேசையைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ஒருத்தி, தின்ற தட்டைக் கழுவி வைக்கிறவன் போதும் என்றாள். பாட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். தான் பாடினால் காதைப் பொத்திக்கொள்ளாதவனாக இருந்தால் எமனாக இருந்தாலும் சரி என்றாள்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு நான் இரண்டாகப் பிரித்தேன். தன்னைப் போலவே ஒருத்தன் வேண்டும் என்கிறவர்கள் ஒரு வகை. தன்னிடம் இல்லாததை ஆளிடம் தேடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை விவரமானவர்கள், இரண்டாவது வகைக்குத் தன் மனசு தனக்கே தெரியாது என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். மேசை ஜோடி சொல்லிக்கொடுத்த பாடம் அது.

3. கன்னியம்மா

கன்னியம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். வீடு ரயில்வே கேட் பக்கம். அப்பா எண்ணெய் மில்லில் வாட்ச்மேன். இந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் நான் திருப்பியனுப்பிய பெட்டி ஒன்றுகூட இல்லை. வாய் திறக்கவே மாட்டாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் தலையசைப்பில் முடிந்தால் வார்த்தை மிச்சம்.

ஒரு தடவை அவளுடைய மேசையில் பெட்டி பற்றிக்கொண்டது. குச்சித் தலைகள் உரசினால் சில நேரம் அப்படி ஆகும். எதிரில் இருந்தவள் கத்திக்கொண்டு ஓடினாள். கன்னியம்மா காலடியில் இருந்த ஈரச் சாக்கை எடுத்து மேலே போட்டு அமுக்கினாள். ஒரு சத்தம் போடவில்லை. புறங்கையில் கொப்புளம் வந்திருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். 'அடேயப்பா, என்ன அமைதி, என்ன நிதானம்' என்று வீட்டுக்குப் போகும்வரை மெச்சிக்கொண்டே போனேன்.

அந்த வாரம் விளையாட்டில் அவளுடைய முறை வந்தது. "உனக்கு எந்த மாதிரி ஆளு வேணும் கன்னியம்மா?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "பேசறவரா இருக்கணும்."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான். ஊமைக்கோட்டானுக்கு ரேடியோப் பெட்டி கேட்கிறதா என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது வகை என்று முடிவு கட்டினேன்.

பேசுகிறவன் என்று சொன்னால் எங்கள் ஃபாக்டரியில் ஒரே ஆள்தான். டிராலி தள்ளும் தனபாலு. கொருக்குப்பேட்டைக்காரன். அப்பா அம்மா இல்லை, அத்தை கோவிந்தம்மா வளர்த்தாள். அடைத்த ட்ரேக்களை ஏற்றிக்கொண்டு லேபிள் ஒட்டும் இடத்துக்குத் தள்ளிப் போவான், காலி ட்ரேக்களோடு திரும்பி வருவான். சக்கரம் கீச்சிடும், அதற்கு மேல் அவன் வாய் கீச்சிடும். கூட்ஸ் ஷெட்டில் குட்டி போட்ட நாய், அத்தைக்கும் பால்காரனுக்கும் நடந்த பஞ்சாயத்து, துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் இருந்து இறங்கிய குதிரை என்று ஏதாவது ஒன்று. ஒரு நடையில் தொடங்குவான், அடுத்த நடையில் முடிப்பான்.

அவன் வரும்போதெல்லாம் கன்னியம்மாவின் கை நிற்பதைக் கவனித்தேன். நடை ஒன்றுக்கு நாலைந்து பெட்டி குறைந்தது. பாவம், இவன் இரைச்சலில் பிள்ளைக்கு வேலை ஓடவில்லை என்று நினைத்தேன். தனபாலைக் கூப்பிட்டு, "அந்த மேசைகிட்ட நிக்காதடா" என்று அதட்டினேன். அதோடு விட்டேனா? டிராலி போகாத கோடி மூலைக்கு அவளை மாற்றினேன். "இங்க நிம்மதியா வேலை செய்" என்று சொல்லிவிட்டு, பெரிய உபகாரம் செய்த மாதிரி நடந்து வந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போது சொன்னாள்?

4. அத்தை வந்தாள்

பத்து நாள் கழித்து கேட்டில் கோவிந்தம்மா வாட்ச்மேனோடு ஓயாமல் வாயடித்துக்கொண்டு நின்றாள். தனபாலின் அத்தை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மருமகனுக்கு நாக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

"தோ பாரு பாக்கியம், நான் சுத்தி வளைக்கல. எங்க தனபாலு கன்னியம்மான்னு ஒரு பொண்ணச் சொல்லிக்கினு கீறான். பொண்ணு எப்படி? உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே தட்டோட போயி நிக்கிறேன்."

சுற்றி நாலு பேர் நின்றார்கள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பொண்ணு தங்கம்தான். ஆனா உங்க தனபாலுக்கு ஒத்து வராது. அது வாயில்லாப் பூச்சி. இவன் பேச்சு அதுக்குப் புடிக்கலன்னு நானே மேசைய மாத்தி வெச்சிருக்கேன்."

கோவிந்தம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. "புடிக்கலியா? அவன் இன்னாமோ அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "செக்கர் நீ சொன்னா சரிதான்" என்று போய்விட்டாள்.

அதோடு கையைக் கழுவியிருக்கலாம். எனக்குத்தான் ஜோடி சேர்க்கும் பைத்தியம் ஆயிற்றே. மருந்து தோய்க்கும் டிப்பிங் செக்ஷனில் நாராயணன் என்று ஒருவர் இருந்தார். மருந்துச் சட்டி பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் நிதானமாகத்தான் இருக்க வேண்டும். அவர் நிதானத்துக்கே நிதானம். லேட்டாக வந்தது கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, நல்ல வார்த்தையும் அதிகம் கிடையாது. அவருடைய அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கன்னியம்மாவின் அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு வீட்டிலும் சந்தோஷம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பது என்று முடிவாயிற்று.

5. திருப்பியனுப்பிய ட்ரே

அந்த வியாழக்கிழமை மூலை மேசைக்குப் போய்ப் பெட்டிகளை எடுத்துத் திறந்தேன். முதல் பெட்டியில் பாதிக் குச்சிகள் தலைகீழாக இருந்தன. இரண்டாவதிலும் அப்படியே. ஒரு ட்ரே முழுக்கத் திருப்பியனுப்பும்படி ஆயிற்று. கன்னியம்மாவின் கையிலிருந்து!

"உடம்பு சரியில்லியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"கல்யாண நெனப்பா?" என்று கேலியாகக் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் என் கண்ணை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அக்கா, நீங்க கேட்டப்ப நான் பேசறவரு வேணும்னு சொன்னேனே. உங்களுக்குக் காதுல வியலியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செக்கரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவளை வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனேன். திட்டத்தான் கூட்டிப்போனேன். அவள் விடவில்லை.

"எங்க நைனா எங்கம்மாகிட்ட பேசி ஏழு வருசம் ஆவுது. மாமா கல்யாணத்துல தன்ன மதிக்கலன்னு கோவம். அம்மாவும் வீம்பு, போய்ப் பேசல. ஒரே ரூம்புல ஒரு கை தூரத்துல குந்திக்கினு, 'உங்கம்மாகிட்ட சொல்லு, கொயம்புல உப்பு இல்ல'ன்னும். அது அங்கியே கீது, கேட்டுக்கினுதான் கீது. ஆனா நான் சொல்லணும். 'உங்கப்பாகிட்ட சொல்லு, நேத்து மாரியே தான் போட்டேன்'னும். அத்தயும் நான் சொல்லணும். ஏழு வருசமா நடுவுல நான் ஒண்டிதான்கா. நானா ஒரு வார்த்த பேசினா, யார் பக்கம் பேசறேன்னு ரெண்டு பேரும் பாப்பாங்க. அத்தொட்டு வாயை மூடக் கத்துக்கினேன். நெருப்பு பத்தனப்பகூட கத்த வரல. நீங்க அத்த என் கொணம்னு நெனச்சிக்கினீங்க."

நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த நாராயணன் நல்லவருதான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவரும் நானும் ஒரு வூட்டுல... எனக்குப் பயமா கீதுக்கா. அவரு ஒரு நாளு கோவத்துல பேசாம இருந்தா, நானும் பேச மாட்டேன். எனக்குத் தெரியும். அப்பால எங்க வூடு மாரியே இன்னொரு வூடு."

"தனபாலு?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டிராலி தள்ளிக்கினு போவசொல்ல கதைய பாதியில உட்டுட்டுப் போவாரு. அடுத்த நடையில நான் 'அப்பால?'ன்னு கேப்பேன். அதுக்குள்ள வேற ஆளுக்குப் பதில் சொல்லிக்கினு இருந்தாலும் நிறுத்திட்டு எனக்குச் சொல்லுவாரு. கேட்டா பதில் சொல்றாருக்கா. எங்க வூட்டுல யாரும் அப்படிச் சொன்னதில்ல."

நாலைந்து பெட்டி எதற்காகக் குறைந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கை நின்றதைக் கண்ணால் பார்த்தேன், காரணத்தை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கு வந்த வெட்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

6. என் வீட்டுக்காரர்

என் வீடு காத்திவாக்கத்தில். புருஷன் ஏழுமலை கட்டுமரத்தில் போகிறவர். விடியலில் கடலுக்குப் போனால் மத்தியானம் கரையேறுவார். நான் வேலை முடிந்து போகும்போது வாசலில் வலையைப் பிரித்துப்போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். நான் பேசுவேன், அவர் ஊம் போடுவார். பேசாத ஆளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன் என்று எனக்குப் பெருமை. நான் வாயாடி, எனக்கு எதிர்ப்பேச்சு பேசாதவன் வசதி. என் வசதியைத்தான் நான் உலகத்துக்கெல்லாம் அளவுகோலாக வைத்திருந்தேன் என்பது அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போது மெதுவாக உறைத்தது. நானே என்னிடம் இல்லாததைத் தேடிய இரண்டாவது வகைதானே! இதைக்கூட யோசிக்கவில்லை பாருங்கள்.

அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன். "ஏன்யா, என்ன ஏன் கட்டிக்கின?"

ஊசி நின்றது. "இன்னாத்துக்கு இப்ப?"

"சொல்லேன்."

ஊசியை வலையில் குத்தி வைத்தார். "கடல்ல ஒரே காத்து சத்தம். மனுசன் கொரலே இல்ல. கரைக்கு வந்தா வூட்டுல ஒரு கொரல் கேக்கணும்னு தோணுச்சு. நீ சந்தையில மீனுக்குச் சண்டை போட்டுக்கினு இருந்தே. சரி, இவதான்னு நெனச்சேன்."

பதினொரு வருடமாக அவர் என்னைப் பொறுத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் வலையைக் கீழே வைத்துவிட்டார். பேசாதவனுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

7. கொருக்குப்பேட்டை

மறுநாள் காலையில் டிப்பிங் செக்ஷனுக்குப் போய் நாராயணனிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"நல்லதாப் போச்சுக்கா. நானும் அந்தப் பொண்ணும் ஒரு வூட்டுல இருந்தா செவத்துக் கடிகாரம்தான் பேசும். எனக்கும் கலகலன்னு ஒருத்தி வந்தா தேவலன்னுதான் இருந்துச்சு. என்ன யாரு கேட்டாங்க?"

அவருக்கு நான் வேறு பெண் பார்க்கவில்லை. அதுவே நான் அவருக்குச் செய்த நன்மை.

சாயங்காலம் ரயிலேறிக் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். கூட்ஸ் லைனை ஒட்டி கோவிந்தம்மாவின் வீடு. வாசலில் குந்திக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடவில்லை. தனபாலு கதவோரமாக நின்றான். ஒரு வாரமாக அவன் ஃபாக்டரியிலும் அவ்வளவாகப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சக்கரம் மட்டும்தான் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"தப்பா சொல்லிட்டேன்மா" என்றேன்.

கோவிந்தம்மா கீரையை ஒதுக்கிவைத்தாள். "ஒரு வாரத்துக்கு முன்ன ஒண்ணு சொன்னே, இன்னிக்கி ஒண்ணு சொல்றே. இன்னா பேஜாரு இது? ஊரே உன் வார்த்தைய நம்பிக்கினு கீது. இவன் மூணு நாளா சோறு துன்னல."

"அத்தே, உடு" என்றான் தனபாலு.

"நீ சும்மா இரு. பாக்கியம், நீ எங்க நின்னு அந்தப் பொண்ணு வாணாம்னு சொன்னே?"

"கேட்டுல."

"நாலு பேரு காதுல வியிற மாரி சொன்னே. நாளைக்கி நான் அங்கயே வந்து நிக்கிறேன். அங்கயே சொல்லு. எல்லாம் கேக்கட்டும்."

கேட்டில் தப்பை ஒப்புக்கொண்டால் அதற்குப் பிறகு செக்கர் பேச்சுக்கு மதிப்பு ஏது? ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி. நாராயணன் வீட்டில் நிறுத்தினாலும், கன்னியம்மா வீட்டில் இந்த வேகத்தில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். "சரி" என்றேன்.

சனிக்கிழமை சங்கு ஊதியதும் கோவிந்தம்மா வந்து நின்றாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். கன்னியம்மாவும் நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "கன்னியம்மாவைப் பத்தி நான் சொன்னது தப்பு. நான் கையைப் பாத்து சொன்னேன். அவள ஒரு வார்த்த கேக்கல. இப்ப அவளையே கேளுங்க."

கோவிந்தம்மா அவளைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னாமே, எங்க பையன புடிச்சிருக்கா?"

கன்னியம்மா தலையாட்டவில்லை. "புடிச்சிருக்கு" என்று வாயால் சொன்னாள். கும்பலில் சரோஜா விசில் அடித்தாள்.

8. சக்கரத்தில் வைத்த கால்

கன்னியம்மாவின் வீட்டுக்கும் நானே போய் உள்ளதைச் சொன்னேன். கல்யாணம் நடந்தது. அவளுடைய அப்பா அம்மா மணவறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே தாரை வார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் கன்னியம்மா வேலைக்கு வந்தாள். நான் அவளைப் பழையபடி டிராலி போகும் மேசைக்கே மாற்றினேன். நாலைந்து பெட்டி குறையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இத்தோடு முடித்துவிட்டால் நான் கெட்டிக்காரி என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். ஆறு மாதம் கழித்து நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் தனபாலின் டிராலி வாசல்படியில் தட்டிக் கவிழ்ந்தது. ஏழெட்டு ட்ரே தரையில் கொட்டியது. சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். பெண்டாட்டி எதிரிலேயே திட்டினார். தனபாலு குனிந்து ஒவ்வொரு பெட்டியாகப் பொறுக்கினான். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். அன்றைக்கு, மறுநாள், அதற்கு மறுநாளும். ஃபாக்டரியில் மட்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கன்னியம்மா என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வூட்லயும் பேசலக்கா. மூணு நாளு. எங்க நைனாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு."

இரண்டாவது தடவையும் தப்புச் செய்துவிட்டோமா? ஊர் அறியப் பேசுகிறவன் என்று நம்பிக் கொடுத்தோம், அவனுக்குள்ளேயும் இப்படி ஒரு கதவு இருக்கிறதே என்று பயந்தேன். அவள் போய் மேசையில் உட்கார்ந்துகொண்டாள்.

சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு டிராலி வந்தது. அவள் மேசையைத் தாண்டும் நேரத்தில் கன்னியம்மா எழுந்து முன்னால் போய் நின்று, தன் காலைச் சக்கரத்துக்கு முன் வைத்தாள். தனபாலு சடாரென்று இழுத்து நிறுத்தினான். ட்ரேக்கள் ஆடின.

"இன்னா பண்றே? காலு போயிடும்."

"போவட்டும். இன்னான்னு சொல்லிட்டுத் தள்ளு."

எல்லா மேசையிலும் கை நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வாசலில் தலையை நீட்டினார். நான் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். "சார், இதுல நாப்பத்தொம்பதா அம்பதான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. நீங்களே கொஞ்சம் எண்ணிப் பாருங்க சார்" என்று வெளியே வெளிச்சத்துக்கு இழுத்துப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். என் காது உள்ளேதான் இருந்தது.

"இன்னா சொல்றது?" என்றான் தனபாலு. "எல்லார் எதிர்லயும் நாய திட்ற மாரி திட்னாரு."

"அப்பால?"

"அப்பால இன்னா? நீ பாத்துக்கினு இருந்தே."

"அப்பால?"

"வூட்டுக்கு வந்தா உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சு. இன்னா பேசறதுன்னு தெரியல. அதான் பேசல." மூக்கை உறிஞ்சினான். "கால எடு கன்னிம்மா."

அவள் காலை எடுத்தாள். "இனிமே வெக்கமா இருந்தா, வெக்கமா கீதுன்னு சொல்லு. அதுவும் பேச்சுதான்" என்றாள்.

சக்கரம் கீச்சிட்டது. ஐம்பது சரியாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொன்னார். எனக்கு முன்னமே தெரியும்.

இப்போது வேலைக்குப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எத்தனையோ பேரிடம் எந்த மாதிரி ஆள் வேண்டும் என்று கேட்டேன். கோபக்காரிக்கு எதிர்த்துப் பேசுகிறவன் ஏன் வேண்டும், பயந்தவளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறவன் ஏன் வேண்டும் என்று ஒருத்தியிடமும் கேட்கவில்லை. கன்னியம்மா கேட்டது வாயாடியை அல்ல. கேட்டால் பதில் சொல்லும் ஒருத்தனைத்தான் அவள் தேடினாள். அதைப் பெட்டியைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பிறகும் கேட்டில் விசாரிக்க வந்தார்கள். "வேலையில் நல்ல பெண்" என்று மட்டும் சொல்வேன். மீதியை அவளிடமே கேளுங்கள், அவள் சொல்லி முடித்ததும் 'அப்பால?' என்று ஒரு தடவை கேளுங்கள் என்பேன். சில பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். கேட்டவர்களும் இருந்தார்கள்.